கொள்ளைநோய்க் காலத்தில் புற்றுநோயாளியின் கதி

தேசத்தில் கொள்ளைநோய் ஒன்று பரவுங்கால் ஜனங்களின் கவனமும் சர்க்காரின் கவனமும் அந்த ஒரு நோயின் மீதே குவிவது இயல்பு. அதைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆனால் ஏனைய வியாதிகள் அக்காலத்தில் வழிவிட்டு ஒதுங்கி நிற்பதில்லை. 2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் 25-ந் தேதி தேசம் முழுவதும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. பஸ்ஸும் ரயிலும் நின்றன. ஒரு ஜில்லாவிலிருந்து அடுத்த ஜில்லாவுக்குச் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. ஊர் அடங்கிற்று, ஆனால் உடலுக்குள் வளர்ந்துகொண்டிருந்த புற்று அடங்கவில்லை.

அதன் விளைவு என்ன? இந்தியாவிலுள்ள 41 புற்றுநோய் நிலையங்களின் கணக்குகளை வைத்தியர்கள் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 2019-ம் வருஷம் மார்ச்சு முதல் மே வரையில் அந்நிலையங்களில் புதிதாகப் பதிந்துகொண்ட நோயாளிகள் 1,12,270 பேர். 2020-ல் அதே மூன்று மாதங்களில் பதிந்துகொண்டவர்கள் 51,760 பேர். பெரிய சஸ்திர சிகிச்சைகள் 17,120-லிருந்து 8,677-ஆகக் குறைந்தன. நோய் பாதியாகக் குறைந்துவிட்டதென்று இதற்கு யாரும் பொருள் கொள்ள மாட்டார்கள். சிகிச்சைக்கு வரவேண்டியவர்களில் பாதிப்பேர் வரவில்லை, அல்லது வர முடியவில்லை என்பதே பொருள்.

இது நம் தேசத்துக்கு மாத்திரம் நேர்ந்த கஷ்டமன்று. 61 தேசங்களில், சஸ்திர சிகிச்சை செய்வதென்று தீர்மானிக்கப்பட்ட 20,006 புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்துவந்தார்கள். கட்டுப்பாடுகள் இலேசாக இருந்த இடங்களில் சிகிச்சை நடைபெறாமலே நின்றவர்கள் 100-க்கு ஒருவருக்கும் குறைவு. முழு ஊரடங்கு இருந்த இடங்களிலோ 100-க்கு 15 பேர். சஸ்திர சிகிச்சை நான்கு வாரம் தாமதப்பட்டால் நோயாளியின் மரண அபாயம் முன்னிருந்ததைவிட 6 முதல் 8 சதவிகிதம் வரை உயர்கிறது என்று 2020-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டியது. கொள்ளைநோயால் இறந்தோரின் கணக்கு தினந்தோறும் வெளிவந்தது. காத்திருந்து இறந்தோரின் கணக்கை நாள்தோறும் வெளியிட்டவர் யாருமில்லை.

புதுக்கோட்டையின் பாத்தியதை

இவ்விஷயத்தை நாம் புதுக்கோட்டை ஜில்லாவை முன்னிட்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. தென்னாட்டில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அடிகோலியவர் அவ்வூரின் புதல்வியே. டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார் 1886-ம் வருஷம் ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். ஆண்பிள்ளைகள் மாத்திரம் பயின்றுவந்த மகாராஜா கல்லூரியில் இடம்பெற்றுப் படித்தார். 1912-ல் சென்னை வைத்தியக் கல்லூரியில் தேறினார். அவருடைய தங்கை புற்றுநோயால் பீடிக்கப்பட்டு 1923-ல் மரணமடைந்தார். கற்ற வைத்தியம் தம் தங்கைக்கே உதவாமற் போனதைக் கண்ட அம்மையார், இந்நோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டுமென்று அன்று முதல் இடைவிடாது கேட்டுவந்தார். புற்று வந்தவன் எப்படியும் மாளத்தானே போகிறான், அவனுக்கு ஓர் ஆஸ்பத்திரி எதற்கு என்ற எண்ணம் மேலோங்கியிருந்த காலம் அது. முப்பது வருஷ முயற்சிக்குப் பின் 1952-ல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ம் வருஷம் ஜூன் மாதம் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அதனைப் பல்லாண்டுகள் கட்டிக்காத்த டாக்டர் வி. சாந்தா அம்மையார், கொரோனாக் காலத்திலேயே, 2021-ம் வருஷம் ஜனவரி 19-ந் தேதி காலமானார்.

புதுக்கோட்டையிலிருந்து சென்னை சுமார் 240 மைல். திருச்சி 35 மைல். 2017-ல் புதுக்கோட்டையிலேயே அரசாங்க மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. ஆயினும் சிக்கலான புற்றுநோய்ச் சஸ்திர சிகிச்சைக்கு வெளியூர் செல்லவேண்டிய குடும்பங்கள் இன்றும் உண்டு. ஆவுடையார்கோவில் பக்கத்திலோ மணமேல்குடிக் கடற்கரையிலோ உள்ள ஒரு குடியானவனுக்கு வயிற்றில் புற்று என்று வைத்துக்கொள்வோம். அவன் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. மனைவியோ மகனோ உடன் செல்லவேண்டும். அவன் படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் இருவருடைய கூலி போகிறது. துணைக்கு வந்தவர் தாழ்வாரத்தில் துண்டை விரித்துப் படுக்கிறார். கொள்ளைநோய்க் காலத்தில் அந்தத் தாழ்வாரமே ஆபத்தான இடமாகிவிடுகிறது. ஆகையால் நோயாளி எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும் என்பது வைத்தியர்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும் விஷயமன்று. ஏழையின் வயிறும் உயிரும் அதில் அடங்கியிருக்கின்றன.

துரிதமாகத் தேறும் முறை

இதற்குப் பரிகாரமாக ஒரு முறை முப்பது வருஷங்களாக உலகில் வளர்ந்துவந்திருக்கிறது. 1990-களில் டென்மார்க்குத் தேசத்து சஸ்திர வைத்தியர் ஹென்ரிக் கெலெட் என்பவர், சிகிச்சைக்குப் பின் நோயாளி இத்தனை நாள் படுத்திருப்பதற்கு உண்மையான காரணம் என்ன என்று ஆராயத் தொடங்கினார். கத்தி பட்ட காயம் மாத்திரம் அவனைப் படுக்க வைக்கவில்லை. வலி, வாந்தி, பட்டினி, குடல் மந்தம், குழாய்கள், அசையாமற் கிடத்தல் ஆகிய இவையும் சேர்ந்தே அவனைப் பலவீனப்படுத்துகின்றன என்று கண்டார். இவற்றுள் ஒன்றை மாத்திரம் நீக்கினால் பயன் சிறிது. எல்லாவற்றையும் ஒருங்கே கவனித்தால் பயன் பெரிது என்பது அவர் கொள்கை. 2001 முதல் ஐரோப்பிய வைத்தியர்கள் பலர் ஒன்றுகூடி இதை ஒரு முறையாக வகுத்தார்கள். ‘துரிதமாகத் தேறும் முறை’ என்று இதனை நாம் அழைக்கலாம்.

முதற் படி, சிகிச்சைக்கு முன்னரே தொடங்குகிறது. இரத்தக் குறைவு இருந்தால் அதைச் சரிப்படுத்துகிறார்கள். பீடி, சிகரெட்டு, மதுபானம் ஆகியவற்றை நிறுத்தச் செய்கிறார்கள். மூச்சுப் பயிற்சி கற்பிக்கிறார்கள். இளைத்துப்போனவனுக்குச் சத்துள்ள ஆகாரம் கொடுக்கிறார்கள். முக்கியமாக, என்ன நடக்கப்போகிறது, முதல் நாள் என்ன செய்யவேண்டும், இரண்டாம் நாள் என்ன செய்யவேண்டும் என்பதை நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் விளங்கச் சொல்கிறார்கள்.

அடுத்தது பட்டினி. முதல் நாள் நள்ளிரவு முதல் ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது என்பது நெடுநாளைய வழக்கம். மயக்கத்தில் வாந்தியெடுத்து அது நுரையீரலுக்குள் சென்றுவிடும் என்ற பயமே அதற்குக் காரணம். பயம் நியாயமானதே, ஆனால் பட்டினியின் அளவு நியாயமானதன்று. இடையூறு ஒன்றுமில்லாத நோயாளிக்கு ஆறு மணி நேரத்துக்கு முன் வரை இலேசான ஆகாரமும், இரண்டு மணி நேரத்துக்கு முன் வரை தெளிந்த பானமும் கொடுக்கலாம் என்பது இன்று நிலைபெற்ற கொள்கை. நள்ளிரவு முதல் தாகத்தால் வாடி, மறுநாள் பிற்பகலில் மேஜை மீது ஏறுகிறவன் பாதி பலத்தை அங்கேயே இழந்துவிடுகிறான்.

சிகிச்சை நடக்கும்போது உடல் குளிர்ந்துபோகாமல் காக்கிறார்கள். நரம்பு வழியாக உப்பு நீரை அளவுக்கு மீறி ஏற்றுவதில்லை. ஏற்றினால் குடல் வீங்கி மந்தமடையும். அபினி இனத்து மருந்துகள் வலியைப் போக்கினாலும் வாந்தியையும் மயக்கத்தையும் உண்டாக்கிக் குடலையும் தூங்கவைக்கின்றன. ஆதலின் முதுகுத்தண்டின் அருகிலோ, வயிற்றுச் சுவரின் நரம்புகளிலோ மருந்து செலுத்தி வலியை அடக்கி, அவ்வகை மருந்தைக் குறைக்கிறார்கள். மூக்குக் குழாய், வடிகுழாய், மூத்திரக் குழாய் ஆகியவை அவசியமில்லையேல் வைப்பதில்லை; வைத்தாலும் சீக்கிரம் எடுத்துவிடுகிறார்கள்.

சிகிச்சைக்குப் பின் நோயாளியை அன்றோ மறுநாளோ எழுந்து உட்காரவும் சில அடி நடக்கவும் செய்கிறார்கள். அதனால் நுரையீரலில் சளி தேங்குவதில்லை. காலில் இரத்தம் உறைவது குறைகிறது. வாயு பிரியும்வரை ஆகாரமே கூடாது என்று பல நாள் காத்திராமல், தாங்குமளவுக்கு விரைவில் ஆகாரம் தருகிறார்கள்.

பயன் என்ன? குடற் சஸ்திர சிகிச்சையைப் பற்றிய ஆறு பரீட்சைகளை 2010-ல் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஆஸ்பத்திரி வாசம் இரண்டரை நாள் குறைந்ததும், சிக்கல்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததும் தெரியவந்தன. நாள் குறைந்ததைவிடச் சிக்கல் குறைந்ததே பெரிது என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். சிக்கல் குறைந்ததனால் நாளும் குறைந்தது.

கொள்ளைநோய் வந்தபோது

சாதாரண காலத்தில் நன்மையான இம்முறை, கொள்ளைநோய்க் காலத்தில் அவசியமாகிவிடுகிறது. படுக்கை கிடைப்பது அரிது. மூச்சு யந்திரம் கிடைப்பது அதனினும் அரிது. அன்றியும், ஆஸ்பத்திரியில் தங்கும் நாள் நீளுமளவுக்கு அங்கே தொற்றுவதற்கான சந்தர்ப்பமும் நீளுகிறது. அவ்வாறு தொற்றினால் என்னவாகும் என்பதை 2020-ம் வருஷத்து அனுபவம் காட்டிற்று. சஸ்திர சிகிச்சையை ஒட்டிக் கொரோனாவும் பற்றிய 1,128 நோயாளிகளை 24 தேசங்களில் கவனித்ததில், முப்பது நாட்களுக்குள் 100-க்கு ஏறத்தாழ 24 பேர் மாண்டார்கள். தொற்று வந்து நீங்கியவர்களுக்கும், கூடுமானால் ஏழு வாரம் கழித்தே சஸ்திர சிகிச்சை செய்வது நல்லதென்று 2021-ல் தெரியவந்தது.

இதைக் கண்டு பயந்து எல்லாச் சிகிச்சையையும் நிறுத்திவிடலாமா? கூடாது என்பதற்கு நம் தேசமே சாக்ஷி. பம்பாயிலுள்ள டாடா நினைவு ஆஸ்பத்திரியார், ஊரடங்கின் கடுமையான நாட்களில், 2020 மார்ச்சு 23 முதல் ஏப்ரல் 30 வரை, 494 புற்றுநோய்ச் சஸ்திர சிகிச்சைகளைச் செய்தார்கள். அவற்றுள் பெரும்பாலானவை கடினமானவை. சிகிச்சைக்குப் பின் ஒருவரும் இறக்கவில்லை. பெரிய சிக்கல் உண்டானவர்கள் 100-க்கு ஆறு பேருக்கும் குறைவு. அந்நோயாளிகளில் பெரும்பாலோர் முதியோரல்லர் என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆகையால் அந்தப் பலன் எல்லோருக்கும் அப்படியே கிட்டுமென்று நாம் வாதிக்கவில்லை. வகையறிந்து செய்தால் செய்ய முடியும் என்பதற்கு அது போதிய ருஜு. உலகில் 55 தேசங்களில் 9,171 நோயாளிகளைப் பார்த்ததிலும், கொரோனா நோயாளிகள் நடமாடாத தனிப் பகுதியில் சிகிச்சை பெற்றவர்களுக்கு நுரையீரல் சிக்கல் 100-க்கு இரண்டே, மற்றவர்களுக்கு ஐந்து. ஆகவே தனி வழி, தனி வார்டு, தனிச் சிப்பந்திகள், துரிதமாகத் தேறும் முறை ஆகியவை ஒன்று சேர்ந்தால், கொள்ளைநோய் நடுவிலும் புற்றுநோயாளியைக் கைவிடாமலிருக்கலாம்.

ஆட்சேபங்கள்

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் நேர்மையாக ஆராய்வோம். இவையெல்லாம் சீமையின் பணக்கார ஆஸ்பத்திரிகளுக்கு ஏற்றவை, நமக்கு எட்டாதவை என்பது முதல் ஆட்சேபம். மேலே கூறியவற்றில் பாதிக்கு யந்திரமே வேண்டாம். அநாவசியப் பட்டினியை நிறுத்துவதற்கு என்ன செலவு? வேண்டாத குழாயை வைக்காமலிருப்பதற்கு என்ன செலவு? நோயாளியை எழுப்பி நடக்கவைப்பதற்குப் போதிய நர்ஸுகள் வேண்டும். வலியை அடக்குவதற்குத் தேர்ந்த மயக்க வைத்தியர் வேண்டும். இவ்விரண்டிலும் சர்க்கார் சிக்கனம் பார்க்கலாகாது. மற்றவை பழக்கத்தை மாற்றும் விஷயமே.

ஜனங்கள் ஒப்பமாட்டார்கள் என்பது இரண்டாவது. இதில் சிறிது உண்மை உண்டு. நடந்தால் தையல் பிரிந்துவிடும், சோறு கொடுத்தால் புண் சீழ் பிடிக்கும் என்று உறவினர் தடுப்பதை ஆஸ்பத்திரிகளில் காண்கிறோம். பத்தியமும் படுக்கையுமே பத்திரம் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். அதைக் கண்டித்துப் பேசுவதால் மாற்ற முடியாது. சிகிச்சைக்கு முன்பே குடும்பத்தாரை உட்காரவைத்து, தமிழில், நிதானமாகக் காரணத்தை விளக்கவேண்டும். விஷயம் விளங்கிய பின் நம் கிராமத்து ஜனங்களைப் போல் பொறுப்பாக நடந்துகொள்பவர்கள் வேறெங்கும் இல்லை.

மூன்றாவது ஆட்சேபமே கனமானது. நோயாளியைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், டாக்டர் இல்லாத கிராமத்தில் அவனுக்கு ஏதேனும் நேர்ந்தால் யார் பொறுப்பு? குடலை வெட்டிச் சேர்த்த இடம் ஒழுகத் தொடங்குவதானால், ஐந்தாம் ஆறாம் நாளிலேகூட அது வெளிப்படலாம். அந்த நாளில் அவன் கரம்பக்குடிக்கு அப்பால் ஒரு குடிசையில் இருந்தால் என் செய்வது?

இங்கேதான் நாம் ஒரு பேதத்தை வற்புறுத்த விரும்புகிறோம். நோயாளி துரிதமாகத் தேறுவது வேறு. நோயாளியைத் துரிதமாக வெளியேற்றுவது வேறு. முன்னது வைத்தியம், பின்னது கணக்கு. படுக்கை வேண்டும் என்பதற்காகத் தேறாதவனை அனுப்பிவிட்டு அதற்குப் புதிய முறை என்று பெயர் சூட்டுவது அக்கிரமம். வாயால் உண்கிறான், தானே நடக்கிறான், ஜுரமில்லை, மாத்திரையளவில் வலி அடங்குகிறது ஆகிய நான்கும் பொருந்தினாலன்றி ஒருவனையும் அனுப்பலாகாது. இவை பொருந்தாதவன் பத்து நாள் இருந்தாலும் இருக்கட்டும்.

அனுப்பிய பிறகும் ஆஸ்பத்திரியின் கடமை முடிந்துவிடாது. மறுநாளே ஒரு நர்ஸ் டெலிபோனில் விசாரிக்கவேண்டும். முதல் வாரத்தில் இரண்டு தடவையாவது கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்குச் சென்று காயத்தைப் பார்க்கவேண்டும். ஜுரம், வயிறு உப்பல், ஓயாத வாந்தி, அதிகரிக்கும் வலி, காயத்தில் சீழ், மூச்சுத் திணறல், ஒரு கால் வீக்கம் ஆகியவற்றில் எது கண்டாலும் தாமதியாமல் 108 வண்டியை அழைத்துத் திரும்பவேண்டும் என்பதைத் தமிழில் அச்சிட்டு நோயாளி கையில் கொடுக்கவேண்டும். திரும்பி வருபவன் வாசலில் காத்திராதபடி அவனுக்கு ஒரு படுக்கை எப்போதும் ஒதுக்கப்பட்டிருக்கவேண்டும். 2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு வீட்டிலேயே மருந்து கிடைக்க வழி செய்தது. வீட்டு வாசல்வரை செல்லும் அந்த ஏற்பாட்டைச் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் விரித்துக்கொள்வது அசாத்தியமன்று.

செய்யவேண்டியது

கொரோனாவின் உக்கிரம் தணிந்துவிட்டது. உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2023-ம் வருஷம் மே மாதம் சர்வதேச அவசரநிலை நீங்கியதாக அறிவித்தார்கள். ஆனால் கொள்ளைநோய்கள் திரும்பி வராதென்று எந்தச் சரித்திரமும் உறுதி கூறவில்லை. வீடு பற்றியெரியும்போது கிணறு வெட்டுவதில் பயனில்லை என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. இப்போது, அமைதியான நாட்களில், ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியும் இம்முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவரவேண்டும். அடுத்த கொள்ளைநோய் வந்தால் புற்றுநோயாளிகளுக்கு எந்தக் கட்டடம், எந்த வழி, எந்தச் சிப்பந்திகள் என்பதை இன்றே எழுதிவைக்கவேண்டும். ஊரடங்கு நாளில் அந்நோயாளிகளின் சிகிச்சைச் சீட்டே அனுமதிச் சீட்டாகக் கொள்ளப்படவேண்டும். அவர்களுக்கென்று வண்டி ஓடவேண்டும். படுக்கை நாள் எத்தனை குறைந்தது என்று மாத்திரம் வெளியிடாமல், திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர், மாண்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் வருஷந்தோறும் வெளியிடவேண்டும். அந்த இரண்டு எண்களும் இல்லாத அறிக்கையை நாம் அரை அறிக்கை என்றே கொள்வோம்.

பொதுஜன ஊழியர்களுக்கும் இதில் வேலை உண்டு. அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் திருமயத்திலும் கூட்டம் கூட்டிப் பேசும் நண்பர்கள், மேடையில் ஐந்து நிமிஷம் இதற்கும் ஒதுக்கலாம். மார்பில் கட்டி, ஆறாத வாய்ப்புண், காரணமில்லாத இரத்தப்போக்கு ஆகியவை கண்டால் ஒத்திப்போடாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லும்படி சொல்லலாம். சஸ்திர சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவனை ஒரு வாரம் சென்று பார்த்துவர ஒவ்வொரு கிராமத்திலும் இரண்டு பேரை ஏற்படுத்தலாம். ஜில்லா ஆஸ்பத்திரிக்குச் சென்று, நள்ளிரவுப் பட்டினி இங்கே இன்னும் உண்டா, வீடு திரும்பியவரை விசாரிக்க ஆள் உண்டா என்று மரியாதையாகக் கேட்கலாம். விடை கிடைக்கும்வரை மறுபடியும் கேட்கலாம். தம் தங்கையைப் பறிகொடுத்த ஒரு பெண்மணி தனியே முப்பது வருஷம் கேட்டுக்கொண்டிருந்ததால் அடையாற்றில் ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது. அவர் பிறந்த ஜில்லாவின் ஊழியர்கள், அடுத்த ஜில்லா சுகாதாரக் கூட்டத்திலேயே இவ்விஷயத்தை எழுப்புவார்களென எதிர்பார்க்கிறோம்.